இலவச டாக்ஸ் ஃபைலிங்: வருமான வரம்பு வேறு, ஃபார்ம் வரம்பு வேறு

அமெரிக்காவில் ஜனவரி கடைசியில் வருமான வரி ஃபைலிங் தொடங்கியதும் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. "ஃப்ரீ என்று போட்டிருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் டைப் செய்து முடித்தேன். கடைசியில் அப்கிரேட் பண்ணச் சொல்லிப் பணம் கேட்கிறது. என் சம்பளம் கம்மிதானே, எனக்கு ஏன் ஃப்ரீ இல்லை?"

உங்கள் சம்பளத்துக்கும் அந்தத் திரைக்கும் சம்பந்தமே இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த சீசனில் மறுபடி அதே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்த ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் "ஃப்ரீ" என்ற பெயரில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) ஃப்ரீ ஃபைல். 2002-இல் ஐஆர்எஸ்ஸும் மென்பொருள் நிறுவனங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் தொடங்கியது. இதில் பார்ப்பது வருமானம். 2024 வரி ஆண்டுக்கு ஏஜிஐ (மொத்த வருமானத்தில் சில கழிவுகள் போக மிஞ்சும் தொகை) 84,000 டாலர் வரை. 2025 வரி ஆண்டுக்கு 89,000 டாலர் வரை. அதற்குள் இருந்து, நிறுவனத்தின் மற்ற நிபந்தனைகளுக்கும் பொருந்தினால், பங்கு விற்றிருந்தாலும் ஹெச்எஸ்ஏ (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) இருந்தாலும் ஃபெடரல் ரிட்டர்னுக்குப் பணம் கேட்கக் கூடாது.

இன்னொன்று, நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தளத்தில் விளம்பரம் செய்யும் "ஃப்ரீ எடிஷன்". இதில் பெரும்பாலும் வருமானத்தைப் பார்ப்பதே இல்லை. எந்த ஃபார்ம் வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு லட்சம் டாலர் சம்பளம், ஒரே ஒரு டபிள்யூ-2 (கம்பெனி கொடுக்கும் சம்பளச் சான்று), கொஞ்சம் பேங்க் வட்டி என்றால் ஃப்ரீ. முப்பதாயிரம் டாலர் சம்பளம் வாங்குபவர் ஆப்பில் அரைப் பங்கு விற்று ஏழு டாலர் லாபம் பார்த்திருந்தால் அவருக்குக் கட்டணம். அநியாயமாகத் தோன்றும். ஆனால் விதி அதுதான், விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் "சிம்பிள் ரிட்டர்ன்" என்று எழுதியும் இருக்கும்.

பெயர் ஒன்று போல இருப்பதால் கூகுளில் தேடி, முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தி, இரண்டாவது வாசலில் நுழைந்துவிட்டு முதல் வாசலின் சலுகையைக் கேட்கிறோம். ஃப்ரீ ஃபைல் வேண்டுமென்றால் ஐஆர்எஸ்ஸின் அரசுத் தளத்தில் உள்ள ஃப்ரீ ஃபைல் பக்கத்துக்குப் போய், அங்கிருக்கும் இணைப்பை அழுத்தித்தான் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போக வேண்டும். அதே நிறுவனத்தின் முகவரியை நேராக டைப் செய்து போனால் அது ஃப்ரீ ஃபைல் ஆகாது. "ஆறேழு வருஷம் முன்னாடி இதே கம்பெனியில் ஃப்ரீயாகப் பண்ணினேனே" என்பவர்களுக்கு: ஹெச்&ஆர் பிளாக் 2020-இலும், டர்போடாக்ஸின் இன்டூயிட் 2021-இலும் ஃப்ரீ ஃபைல் திட்டத்தை விட்டு விலகிவிட்டன. அவர்களிடம் இப்போது இருப்பது அவர்களுடைய சொந்த ஃப்ரீ எடிஷன் மட்டுமே.

ஏஜிஐ விஷயத்திலும் இரண்டு தவறு நடக்கிறது. ஏஜிஐ என்பது ஆஃபர் லெட்டரில் உள்ள சம்பளம் இல்லை. ரிட்டர்னின் முக்கியப் படிவமான 1040 ஃபார்மின் 11-ஆம் வரியில் வரும் தொகை. 95,000 டாலர் சம்பளத்தில் 10,000 டாலரை ப்ரீ-டாக்ஸ் 401(கே) ஓய்வூதியக் கணக்கில் போட்டிருந்தால் டபிள்யூ-2-வின் பாக்ஸ் 1-இல் 85,000தான் இருக்கும். வேறு வருமானம் இல்லையென்றால் 2025-க்கு நீங்கள் வரம்புக்குள். "நமக்குக் கிடைக்காது" என்று பார்க்காமலேயே விட்டுவிடாதீர்கள். அடுத்தது, கணவன் மனைவி சேர்ந்து ஜாயின்ட்டாக ஃபைல் செய்தால் வரம்பு இரட்டிப்பாகாது. இருவர் வருமானமும் சேர்ந்து அதே 89,000தான். இதுபோக ஒவ்வொரு நிறுவனமும் வயது, மாநிலம், இன்னும் குறைந்த ஏஜிஐ என்று தனக்கென நிபந்தனை வைத்திருக்கும். ஒன்றில் பொருந்தவில்லை என்றால் மூடிவிடாமல் ஐஆர்எஸ் பக்கத்துக்குத் திரும்பி வேறொன்றைப் பாருங்கள்.

இனி ஃப்ரீ எடிஷனிலிருந்து வெளியே தள்ளும் ஃபார்ம்கள். டபிள்யூ-2-வை எடுத்து பாக்ஸ் 12-ஐப் பாருங்கள். அங்கே டபிள்யூ என்ற குறியீடு இருந்தால் உங்களுக்கு ஹெச்எஸ்ஏ இருக்கிறது என்று பொருள். 8889 ஃபார்ம் கட்டாயம். பணத்தை எடுக்கவே இல்லை என்றாலும் கட்டாயம். ஐடி கம்பெனி ஆட்களில் நிறையப் பேர் அப்கிரேட் திரையைப் பார்ப்பது இதனால்தான்; ஆனால் காரணம் தெரியாமல் மென்பொருளைத் திட்டுகிறார்கள். 1099-பி வந்தால், அதாவது பங்கு, கம்பெனி வழியாகக் கிடைத்த ஆர்எஸ்யூ, ஈஎஸ்பிபி பங்குகள் விற்றிருந்தால், பெரும்பாலும் வெளியே. கான்ட்ராக்ட் வேலைக்கான 1099-என்இசி வந்தால் சுயதொழில் கணக்கான ஷெட்யூல் சி, அதுவும் வெளியே. ஹெல்த் மார்க்கெட்பிளேஸில் இன்ஷூரன்ஸ் வாங்கி 1095-ஏ வந்திருந்தால் 8962 ஃபார்ம் வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. ஊரில் என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) கணக்கு வைத்திருந்தால், வட்டி வருமானத்தையும் வெளிநாட்டுக் கணக்குகளையும் காட்டும் ஷெட்யூல் பி-யின் மூன்றாம் பகுதியை நிரப்ப வேண்டும். வட்டி 1,500 டாலரைத் தாண்டினால்தானே ஷெட்யூல் பி என்று வாதம் செய்வார்கள். வட்டிக்கு அந்த வரம்பு சரி. வெளிநாட்டுக் கணக்கு இருந்தால் வட்டி பத்து டாலர் என்றாலும் மூன்றாம் பகுதி உண்டு. அப்பாவின் கணக்கில் உங்களுக்குக் கையெழுத்து உரிமை இருந்தாலும் உண்டு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என்ஆர்ஓ-வில் பிடித்த டிடிஎஸ்ஸைக் கழிக்க 1116 ஃபார்ம் வேண்டும். அதுவும் பெரும்பாலும் ஃப்ரீ எடிஷனில் வராது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் பொதுவாக 8621 ஃபார்ம். அதற்கு நுகர்வோர் மென்பொருளை நம்பி உட்காராதீர்கள், தெரிந்தவரிடம் போங்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வெளிநாட்டுக் கணக்கு உண்டா என்ற கேள்விக்கு "ஆம்" என்றதும் அப்கிரேட் திரை வருகிறது. பின்னால் போய் "இல்லை" என்று மாற்றிவிடுகிறார்கள். அல்லது 1099-பி-யை அழித்துவிடுகிறார்கள். சில பத்து டாலர் மிச்சம். ஐயா, அந்த 1099-பி-யின் நகல் புரோக்கரிடமிருந்து ஏற்கெனவே ஐஆர்எஸ்ஸுக்குப் போய்விட்டது. பின்னால், கணக்கு ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் சிபி2000 நோட்டீஸ் வரும். நீங்கள் வாங்கிய விலை அவர்கள் கையில் இல்லாவிட்டால் விற்ற தொகை முழுவதையும் லாபமாக வைத்து வரி போட்டிருப்பார்கள்; அதை மறுத்து எழுதி, கணக்குக் காட்டி மீள மாதக்கணக்கில் ஆகும். வெளிநாட்டுக் கணக்கில் "இல்லை" என்பது இன்னும் மோசம். அந்த ரிட்டர்னில் கீழே கையெழுத்துப் போடுவது பொய் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு. ஆண்டில் ஒரு நாளாவது எல்லா வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் அபராதம் பத்தாயிரம் டாலரைத் தாண்டலாம். எஃப்பாருக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். அதை வாங்கிக்கொள்ளும் அரசு அமைப்பான ஃபின்சென்னின் தளத்தில் இலவசம்.

கட்டணம் பிடிக்கவில்லை என்றால் பதிலை மாற்றாதீர்கள், மென்பொருளை மாற்றுங்கள். ஃபெடரலுக்குப் பெரும்பாலான ஃபார்ம்களையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு மாநிலத்துக்கு மட்டும் 15 டாலர் அளவில் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. எண்களை மறுபடி டைப் செய்ய ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

அதே மென்பொருளில் கீழ்ப் பதிப்புக்கு இறங்க நினைத்தால் பணம் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். கட்டிய பிறகு பொதுவாக வழி இல்லை. இறங்கும்போது போட்டதெல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி வைத்திருந்ததும், அதற்கும் வாடிக்கையாளர் சேவையை அழைக்க வைத்ததும், நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி ஹெச்&ஆர் பிளாக் மீது 2024-இல் போட்ட வழக்கில் வந்த குற்றச்சாட்டுகள்; 70 லட்சம் டாலருக்கு அது சமரசமானது. 2022-இல் இன்டூயிட் 50 மாநிலங்களுடனும் தலைநகர் வாஷிங்டன் டிசியுடனும் செய்த சமரசம் 14.1 கோடி டாலர். இலவசமாகவே ஃபைல் செய்திருக்கக்கூடியவர்களிடம் பணம் வாங்கியதற்காக. ஆகவே முதல் திரையில் இருக்கும் பூஜ்யத்தைப் பார்த்து நம்ப வேண்டாம். உங்களிடம் வந்த எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, அந்த நிறுவனத்தின் ஆதரிக்கப்படும் ஃபார்ம் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் அக்கவுண்ட் தொடங்குங்கள்.

எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்களே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். நண்பன் இலவசமாக ரீஃபண்ட் வாங்கினான் என்று அதே மென்பொருளைத் திறக்காதீர்கள். முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் நீங்கள் வரிக் கணக்கில் பொதுவாக நான்ரெசிடென்ட் (இங்கே வசிக்காதவர்); அதற்கான ஃபார்ம் 1040-என்ஆர். பிரபலமான இலவச மென்பொருள்களில் பெரும்பாலானவை அதைச் செய்யாது. செய்யாது என்று உங்களை நிறுத்தவும் செய்யாது, சாதாரண 1040-ஐத் தயாரித்துக் கொடுத்துவிடும். வந்த ஆண்டில் டிசம்பரில் இறங்கியிருந்தாலும் அது ஒரு ஆண்டுதான். 2021 ஆகஸ்ட்டில் வந்தவருக்கு 2025 ஐந்தாவது. 1040 போட்டுக் கல்விச் சலுகை வாங்கியவர்கள் பின்னால் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போட்டுத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவின்படி 1040-என்ஆர்-இலேயே ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (நிலையான வரிக் கழிவு) உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சம்பளமே இல்லாவிட்டாலும் 8843 ஃபார்மைத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்குத் தபால் செலவு மட்டும்தான். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் நான்ரெசிடென்ட் மென்பொருளைத் திறக்கும் ரகசியக் குறியீட்டை இலவசமாகக் கொடுக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

ஹெச்-4 (துணைவர் விசா) மனைவிக்கோ கணவருக்கோ முதல்முறையாக ஐடிஐஎன் (சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கான வரி எண்) வாங்குபவர்கள் டபிள்யூ-7 ஃபார்முடன் ரிட்டர்னையும் இணைத்துக் காகிதத்தில் அனுப்ப வேண்டும். அந்த ரிட்டர்னை ஈ-ஃபைல் செய்ய முடியாது. பணம் கட்டி அப்கிரேட் செய்துவிட்டுப் பிறகு பிரிண்ட் எடுப்பதில் அர்த்தமில்லை.

மாநிலக் கட்டணம் தனி. ஃபெடரல் இலவசம் என்றால் ஸ்டேட்டும் இலவசம் என்று நினைக்காதீர்கள். டெக்சஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை, கவலையும் இல்லை. கலிஃபோர்னியாவில் கால்ஃபைல், பென்சில்வேனியாவில் மைபாத், இல்லினாயில் மைடாக்ஸ் என்று மாநில அரசே இலவச வசதி வைத்திருக்கிறது. "கட்டணத்தை ரீஃபண்டிலிருந்து எடுத்துக்கொள்" என்ற பொத்தானைத் தொடாதீர்கள். அதற்கென்றே தனியாக 40 டாலர் அளவில் பிடிப்பார்கள். பழைய ரிட்டர்னைப் பார்க்கப் பணம் கேட்டால் ஐஆர்எஸ் ஆன்லைன் அக்கவுண்டில் டிரான்ஸ்கிரிப்ட் (ரிட்டர்னின் சுருக்கப் பதிவு) எடுங்கள். ஈ-ஃபைல் கையெழுத்துக்குத் தேவையான சென்ற ஆண்டு ஏஜிஐயும் அதிலேயே இருக்கிறது.

ஐஆர்எஸ்ஸின் சொந்த இலவச மென்பொருளான டைரக்ட் ஃபைல் 2024-இல் 12 மாநிலங்களிலும் 2025-இல் 25 மாநிலங்களிலும் இருந்தது. 2026 சீசனுக்கு இல்லை. வருமானம் எவ்வளவானாலும் கட்டணமில்லாத வழி, ஐஆர்எஸ் தளம் வழியாக ஃபார்மை நாமே ஆன்லைனில் நிரப்பும் ஃபில்லபிள் ஃபார்ம்ஸ். அதில் கூட்டல் கழித்தல் தவிர உதவி கிடையாது, ஸ்டேட்டும் கிடையாது. எந்த வரியில் என்ன போட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும். குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு வீட்டா (VITA) என்ற உதவி மையங்கள் இருக்கின்றன, ரிட்டர்னைத் தன்னார்வலர்களே இலவசமாகத் தயாரித்துத் தருவார்கள். ஊரிலிருந்து வந்து கிரீன் கார்டில் இருக்கும் பெற்றோருக்கு 60 வயதானால், முதியவர்களுக்கான அதுபோன்ற டிசிஈ (TCE) மையம்.

ஏப்ரல் 15 நெருங்கிவிட்டது, தாள் எல்லாம் வரவில்லை என்றால் பயந்து எதையாவது வாங்க வேண்டாம். கூடுதல் நேரம் கேட்கும் 4868 ஃபார்மை ஃப்ரீ ஃபைல் வழியாக யார் வேண்டுமானாலும், எவ்வளவு வருமானம் இருந்தாலும், இலவசமாகப் போடலாம். அக்டோபர் 15 வரை நேரம் கிடைக்கும். அது ஃபைல் செய்வதற்கான நேரம். கட்ட வேண்டிய வரி இருந்தால் உத்தேசமாகக் கணக்குப் போட்டு ஏப்ரல் 15-க்குள் ஐஆர்எஸ் டைரக்ட் பேயில் வங்கிக் கணக்கிலிருந்து கட்டிவிடுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.