குமிழ் பாதியில் இருந்தால் சத்தமும் சமமா?

நல்ல நிலையில் இருக்கும் பழைய ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் ஒன்றை இந்த வாரமும் ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். "உள்ள இருக்கற போர்டைக் கழட்டிட்டு கிளாஸ் டி போர்டு போட்டுக் குடுங்க சார். கடையில கேட்டேன், கணீர்னு இருக்கு." பழைய செட்டில் இருப்பது பெரும்பாலும் 'ஏபி' வகை ஆம்ப். 'கிளாஸ் டி' என்பது டிரான்சிஸ்டர்களைச் சுவிட்ச் போல மிக வேகமாகப் போட்டு அணைத்து ஓட்டும் வகை. இந்த வேலையை எத்தனை பேருக்குத்தான் மறுப்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

கடையில் நடப்பது இதுதான். ஒரே ஜோடி ஸ்பீக்கரில் ஏபி ஆம்பையும் டி ஆம்பையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். வால்யூம் குமிழ் இரண்டிலும் பாதியில். குமிழ் ஒரே இடத்தில் நின்றால் சத்தமும் ஒன்றுதான் என்ற நினைப்புதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். டி போர்டுகளில் வரும் டிபிஏ3116 ஐசியில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, 20 டெசிபலிலும் வைக்கலாம், 36 டெசிபலிலும் வைக்கலாம். குமிழைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு டெசிபல் கூடினால் "சத்தம் கூடிவிட்டது" என்று நமக்குத் தோன்றாது. "தெளிவாக இருக்கிறது, பேஸ் இறங்கி அடிக்கிறது" என்றுதான் தோன்றும். சங்கீதம் படித்தவர் காதும் இதில் ஏமாறும்.

எனவே முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள். போனில் 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கும் குறுக்கே அளவெடுங்கள். இரண்டு ஆம்பிலும் ஒரே வோல்ட் வர வேண்டும். அப்புறம் பாட்டைப் போடுங்கள். எந்த ஆம்ப் ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட். ஹாலில் நிதானமாகப் பாட்டுக் கேட்க சராசரியாக அவ்வளவே தாராளம். பெட்டியில் அச்சிட்ட பிஎம்பிஓ என்ற ஊதிப் பெருக்கிய வாட் கணக்கைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

இப்படிக் கேட்டால், ஒழுங்காகக் கட்டிய ஏபி ஆம்புக்கும் ஒழுங்கான கிளாஸ் டி ஆம்புக்கும் வித்தியாசம் சொல்ல பெரும்பாலானவர்கள் திணறுகிறார்கள். மலிவான டி போர்டில், பாட்டு நின்றதும் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்) பக்கம் காதை வைத்தால் 'உஸ்ஸ்' கேட்கும். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்பின் குணம் தனி. குரல் கொஞ்சம் நிறைந்து வரும், பேஸ் தளர்ந்து நிற்கும். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஸ்பீக்கர் பக்கம் அது காட்டும் மின்தடை) அதிகம் என்பதால் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஒலியும் மாறும். 1985இல் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர், அமெரிக்காவின் 'ஸ்டீரியோஃபைல்' இதழ்க்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்பின் ஒலிக்குத் தன் டிரான்சிஸ்டர் ஆம்பைச் சரிக்கட்டிக் காட்டினார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பழைய ஏபி ஆம்ப் உண்மையிலேயே மோசமாகக் கேட்டால்? குறைந்த சத்தத்தில் ஒரு வீணைப் பதிவைப் போடுங்கள். மீட்டிய நாதம் தேய்ந்து அடங்கும் இடத்தில் கரகரவென்று சொரசொரப்பு வந்தால் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓட வேண்டிய சிறு கரண்ட், இறங்கியிருக்கலாம். பேஸ் மெலிந்திருந்தால் சிக்னல் பாதையில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களைச் சந்தேகியுங்கள். ஹம் வந்தால் பவர் சப்ளையில் இருப்பவற்றை. இவ்வளவும் சில்லறைச் செலவு. இதற்காக நல்ல டிரான்ஸ்ஃபார்மரோடு ஒரு செட்டைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

போர்டு மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு: பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஆம்பே ஓட்டும் முறை) ஓடும் டி போர்டில் இடது, வலது ஸ்பீக்கர்களின் மைனஸ் வயர்களை ஒன்றாக முறுக்காதீர்கள், சேசிஸிலும் தொடுக்காதீர்கள். பழைய செட்டில் அப்படித்தானே இருந்தது என்று செய்து, ஐசியைப் புகைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒயரை மாற்றும் முன் சுவிட்சை அணையுங்கள். வால்வு செட்டை ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அதன் மூடியைக் கழற்றவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.