சூடானால் ஒளிந்துகொள்ளும் பழுது

மாதவரத்தில் ஒரு பள்ளி மைதானத்தைப் பராமரிக்கும் வாசகர் போன மாதம் கேட்ட கேள்வி இது. உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் டிராக்டர் ஒன்றைப் பள்ளி வாங்கி ஏழு மாதம் ஆகிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுவிடுகிறது. நிழலில் தள்ளி அரை மணி நேரம் விட்டால் எதுவுமே நடக்காததுபோல மறுபடி ஓடுகிறது. வாரண்டியில் மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்தாயிற்று. முதல் முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இரண்டாம் முறை பேட்டரியை மாற்றினார்கள். மூன்றாம் முறை வண்டியில் குறை எதுவும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். "அப்ப நான் பொய் சொல்றேனா சார்?" என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம்தான் என்னை மாதவரத்துக்கு பஸ் ஏற வைத்தது.

அவர் பொய் சொல்லவில்லை. வண்டி லாரியில் ஏறி, ஆறிப்போய் சர்வீஸ் சென்டருக்குச் சேர்கிறது. அங்கே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறார்கள். இருபதாவது நிமிடத்தில் வருகிற குறை ஐந்தாவது நிமிடத்தில் எப்படித் தெரியும்?

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. உள்ளே இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளியேற்றுவது என்ற நான்கு வீச்சுகளையும் பள்ளியில் பலர் படம் வரைந்திருப்போம், விவரத்தை விட்டுவிடலாம். சூடானபின் நிற்கிற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோல் டேங்க் மூடியை. அதில் காற்று நுழைய ஊசித்துளை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் அழுத்தம் இறங்கி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் கீழே வராது. காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் தானாகச் சரியாகிவிடும். அறிகுறி அச்சு அசலாக இதேதான். வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். திறந்தும் பயனில்லை. ஆகவே தீப்பொறிப் பக்கம் வந்தோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த இயந்திர ஏற்பாடுகளில் இதைவிட அழகானது அதிகம் இல்லை.

இந்த வகைச் சின்ன இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தீப்பொறி பேட்டரியிலிருந்து வருவதில்லை. பேட்டரி செல்ஃப் ஸ்டார்ட்டுக்கும் லைட்டுக்கும்தான். பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. ஃபிளைவீல், அதாவது இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம், அதன் ஓரத்தில் ஒரு காந்தம் பதித்திருக்கும். அதன் பக்கத்தில், கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இரும்புத் தகடுகளை அடுக்கிய சட்டத்தில் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். மெக்கானிக்குகள் மேக்னெட் காயில் என்பது இதைத்தான். அந்தக் கால் மில்லிமீட்டரை அளக்க விசிட்டிங் கார்டு ஒன்றை இடையில் செருகித் திருகை இறுக்குவார்கள். சக்கரம் சுற்றும்போது காந்தம் சட்டத்தைக் கடந்து போகும், முதல் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தது, அவ்வளவுதான்.

ஆனால் பொறி பறக்க வேண்டிய ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அந்த மின்னோட்டத்தால் தாண்ட முடியாது. தாண்டப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். 1902இல் பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை, அதாவது இப்படிக் காந்தத்தால் பொறி தரும் ஏற்பாட்டை, உருவாக்கிக் காட்டினார். அதன் சூட்சுமம் மின்னோட்டத்தைத் தருவதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைப் பட்டென்று மூடினால் சுவருக்குள் பைப் 'டொக்' என்று அதிரும் அல்லவா? ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் வேகம் முழுவதும் ஒரே கணத்தில் அழுத்தமாக மாறுகிறது. இங்கேயும் அதேதான். முதல் சுருளில் மின்னோட்டம் உச்சத்தைத் தொடும் கணத்தில் அதைத் துண்டிக்கிறார்கள். அன்றைக்கு அதற்குத் திறந்து மூடும் ஒரு உலோகத் தொடர்பு, பாயிண்ட் செட் என்பார்கள், இன்றைக்கு ஒரு டிரான்சிஸ்டர். காந்தப்புலம் சரிந்து விழுகிறது. விழும் வேகம் எவ்வளவோ அவ்வளவு வோல்ட். அதன்மேல் இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். பிளக்கில் பொறி பறக்கிறது.

நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் இது நொடிக்கு 50 தடவை நடக்கிறது. நான்கு வீச்சு இன்ஜினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். காந்தமோ ஒவ்வொரு சுற்றிலும் கடந்து போகிறது. ஆகவே பாதிப் பொறிகள், புகை வெளியேறும் நேரத்தில் சும்மா விழுகின்றன. அதைத் தடுக்க இன்னொரு பாகம் சேர்ப்பதைவிட வீணாக விட்டுவிடுவதே எளிது என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவு மிகவும் பிடிக்கும். பிஸ்டன் இன்ஜின் விமானங்களில் பல இன்றும் மேக்னெட்டோவை நம்பித்தான் பறக்கின்றன, வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டு.

இப்போது பழுதுக்கு வருவோம். இரண்டாவது சுருளின் தாமிரக் கம்பி தலைமுடி அளவுக்கு மெல்லியது. அதைப் பிசினில் தோய்த்து உறைய வைத்திருப்பார்கள். சூடானால் அந்தப் பிசின் தாமிரத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக விரியும். கம்பியில் எங்காவது ஒரு இடத்தில் விரிசல் இருந்தால், ஆறியிருக்கும்போது இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். விலகல் சிறிதாக இருக்கும்வரை உயர் மின்னழுத்தம் அதையும் தாண்டிவிடும். ஆனால் அங்கே செலவானது போக பிளக்குக்கு மிச்சம் குறைவு. பிளக்கை வெளியே எடுத்து இன்ஜின் மேல் சாய்த்துச் சுற்றிப் பார்த்தால் பொறி தெரியும். "கரண்ட் வருதே!" என்பார் மெக்கானிக். உள்ளேயோ அழுத்தப்பட்ட காற்று. அடர்த்தியான காற்றைத் துளைக்க இன்னும் அதிக வோல்ட் வேண்டும். வெளியே ஜெயிக்கிற பொறி உள்ளே தோற்கும்.

நின்ற வண்டி உடனே கிளம்பாததற்கும் காரணம் உண்டு. ஃபிளைவீலின் இறகுகள்தான் இன்ஜினுக்கு மின்விசிறி. இன்ஜின் நின்றதும் விசிறியும் நிற்கிறது, சிலிண்டரின் சூடு காயிலுக்குப் பரவுகிறது. நின்ற பிறகு சில நிமிடங்களுக்குக் காயில் இன்னும் அதிகமாகச் சூடேறும்.

அந்த வண்டியை ஓட்டுகிற அண்ணன் வேறொரு கணக்கு வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் எடுத்தால் பத்து நிமிடம்கூடத் தாங்காது, அது ராகு காலம் என்றார். முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். நான் அவர் கவனிப்பை மதிக்கிறேன். சர்வீஸ் சென்டரில் குறையை எழுதி வைக்கும் மூன்று ஜாப் கார்டுகளில் இல்லாத தகவல் அவரிடம் இருந்தது. "அண்ணே, திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ராகு காலத்திலேயே எடுங்க, புதன்கிழமை ராகு காலம் முடிஞ்சு மூணு மணிக்கு எடுங்க, நேரம் குறிச்சு வைங்க" என்றேன். திங்கள் காலை இருபத்திரண்டு நிமிடம். புதன் மதியம் ஒன்பது நிமிடம். வெயிலில் கொதித்து நின்ற வண்டிக்கு இருபது நிமிடச் சூட்டில் ஒரு பங்கு முன்கூட்டியே ஏறிவிடுகிறது. எலுமிச்சம்பழத்தை அவரே அவிழ்த்தார்.

அப்புறம் மல்டிமீட்டர், மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் கருவி. வாரண்டி உள்ள வண்டியில் எதையும் பிரிக்கக் கூடாது, ஆனால் பிளக் மூடியை இழுத்து எடுப்பது ஓட்டுபவர் செய்யலாம் என்று கையேட்டிலேயே இருக்கும் வேலை. மீட்டரின் ஒரு முனையை மூடிக்குள் இருக்கும் உலோகத்திலும் மற்றதை இன்ஜின் உடம்பிலும் வைத்தேன். ஆறிய வண்டியில் 4.1 கிலோ ஓம். ஓட்டி, நின்ற உடனே மறுபடி வைத்தோம். திரையின் இடது ஓரத்தில் '1' மட்டும் நின்றது. தொடர்பே இல்லை என்று அர்த்தம். யாரும் நகரவில்லை. முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் எண்கள் துடித்து, 4.6 என்று வந்து நின்றன. மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம்.

காசிமேடு, எண்ணூர் பக்கம் இதே வண்டி இருந்தால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். இந்த இன்ஜினை நிறுத்துவது என்றாலே முதல் சுருளின் கம்பியை இன்ஜின் உடம்போடு தொட வைப்பதுதான். சீட்டுக்கு அடியில் உள்ள பாதுகாப்பு சுவிட்சும் அதையே செய்கிறது. உப்புக்காற்றில் அந்தச் சுவிட்சோ கம்பியோ கெட்டுத் தானாகத் தொட்டுவிட்டால் பொறி போய்விடும். துரு பற்றி ஆராயக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் செய்கிற ஆராய்ச்சியில் ஒரு சிறு பங்கு, புல்லட் பைக் தயாரான திருவொற்றியூரின் பட்டறைகளில் தினமும் கெடும் சுவிட்சுகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐடிஐ மாணவர்களுக்குச் சூடான நிலையில் அளந்து பார்ப்பதைப் பாடமாகவே வைக்கலாம், ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான்.

நான்காம் முறை வண்டியை அனுப்பும்போது அந்த வாசகர் ஜாப் கார்டில் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று எழுத விடவில்லை. "20 நிமிடம் ஓடி நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது, நின்றவுடன் பிளக் மூடியில் தொடர்பு இல்லை, ஆறியபின் 4.6 கிலோ ஓம்" என்று எழுதச் சொல்லி, தேதியோடு நகல் வாங்கினார். இருபது நிமிடம் ஓட்டியே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஓட்டினார்கள், நின்றது. காயிலுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. வண்டி மைதானத்துக்குத் திரும்பிவிட்டது. காயில் வரும்வரை அண்ணன் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுக்கிறார். கிழக்குக் கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடுவரை புல் சீராக இருக்கிறது. மறுபாதியில் கணுக்கால் உயரம்.