மூலக்குறிக்குள் ஒரு வகுத்தல் கணக்கு

√72-ஐச் சுருக்கச் சொன்னால், அதற்குள் ஒளிந்திருக்கும் வர்க்க எண்ணைத்தான் பலரும் தேடுவார்கள். 36 கண்ணில் பட்டால் விடை உடனே வந்துவிடும். 9 பட்டால் 3√8 என்று பாதியிலேயே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். ஊகத்துக்கு இடமில்லாத வழி, எண்ணைப் பகாக் காரணிகளாக உடைப்பதுதான்: 72 = 2³ × 3².

இனி ஒவ்வோர் அடுக்கையும் மூலத்தின் வரிசையால் வகுக்க வேண்டும். வர்க்கமூலத்துக்கு வரிசை 2. இரண்டின் அடுக்கு 3. அதை 2-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 1. மூன்றின் அடுக்கு 2; ஈவு 1, மீதி இல்லை. ஈவு வெளியே வரும், மீதி உள்ளே தங்கும்: 2 × 3 × √2 = 6√2. அதே 72-க்குக் கனமூலம் கேட்டால் 3-ஆல் வகுக்கிறோம். இப்போது 2 முழுதாக வெளியே வந்துவிடுகிறது, 3² உள்ளேயே இருக்கிறது: 2∛9.

அடுக்கை ஏன் வகுக்கிறோம்? √5-ஐ √5-ஆல் பெருக்கினால் 5 வர வேண்டும். பெருக்கும்போது அடுக்குகள் கூடும். எதை இருமுறை கூட்டினால் 1 வருமோ அதுதான் √5-இன் அடுக்கு, அதாவது அரை. ஆகவே √5 = 5^(1/2); ^ குறிக்குப் பின்னால் இருப்பது அடுக்கு. √ குறி ஜெர்மானியக் கணிதர் கிறிஸ்டோஃப் ருடோல்ஃபின் நூலில் 1525-இல் அச்சேறியது. பின்ன அடுக்கு எழுதும் முறையை நியூட்டன், லைப்னிட்ஸுக்காக 1676-இல் எழுதிய கடிதத்தில் விளக்கியிருக்கிறார்.

வரிசை வேறுபடும் மூலங்களைப் பெருக்கும்போதுதான் இந்த எழுத்துமுறையின் அருமை தெரியும். √2 × ∛2 என்பதை மூலக்குறியோடு பார்த்தால் கை ஓடாது. அடுக்காக்கினால் 1/2 + 1/3 = 5/6; விடை 2^(5/6), அதாவது ⁶√32.

27^(2/3) போன்றவற்றில் மூலத்தை முதலில் எடுங்கள்: ∛27 = 3, பிறகு 3² = 9. முதலில் 27²-ஐக் கண்டுபிடித்தால் 729-இன் கனமூலத்தைத் தேட வேண்டியிருக்கும். விடை ஒன்றுதான், உழைப்பு வேறு. 16^(−3/4)-இல் கழித்தல் குறி விடையை எதிர்மமாக்காது, தலைகீழாக்கும்: −8 அல்ல, 1/8.

பின்னத்தின் பகுதியிலிருந்து, அதாவது கீழ் எண்ணிலிருந்து, மூலத்தை நீக்கும்போது வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 6/√2-க்கு மேலும் கீழும் √2-ஆல் பெருக்கிப் பழகிய கை, 6/∛2-க்கும் ∛2-ஆல் பெருக்கிவிடும். கீழே ∛4 வரும், மூலம் போகாது. அடுக்கைப் பாருங்கள்: கீழே இருப்பது 2^(1/3). அது 1 ஆக இன்னும் 2/3 தேவை. எனவே ∛4-ஆல் பெருக்க வேண்டும், விடை 3∛4.

கூட்டலில் இந்த விதிகள் எதுவும் செல்லாது. √(9+16) என்பது 5, 3 + 4 அல்ல. √50 + √18-ஐ நேரே கூட்ட முடியாது. சுருக்கினால் 5√2 + 3√2, ஒத்த மூலங்கள், ஆகவே 8√2.

ஏ4 தாளின் அளவே பின்ன அடுக்குதான். ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர். பக்கங்கள் 2^(1/4), 2^(−1/4) மீட்டர், அதாவது 1189, 841 மில்லிமீட்டர். பாதியாக மடிக்க மடிக்க அடுக்கில் அரை குறையும். நான்கு மடிப்பில் ஏ4: நீளம் 2^(−7/4) மீட்டர், 297 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் மெஷினில் ஏ4-ஐ ஏ3 ஆக்க வரும் 141% என்பது √2 தான்.

இத்தனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பின்ன அடுக்கின் அடிமானம், அதாவது அடுக்கைத் தாங்கும் எண், மிகை எண்ணாக இருக்க வேண்டும். −8-இன் கனமூலம் −2. ஆனால் 1/3-ஐ 2/6 என எழுதி, −8-ஐ வர்க்கமாக்கி ஆறாம் மூலம் எடுத்தால் 2 வருகிறது. பின்னம் மாறவில்லை, விடையின் குறி மாறிவிட்டது. √((−5)²) = 5 என்பதற்கும் இதுவே காரணம்: வர்க்கமாக்கும்போது தொலைந்த கழித்தல் குறியை மூலம் திருப்பித் தராது.