‘நான் வேண்டும்’ என்று சொன்ன டேப்லெட்

காவேரிப்பட்டணத்தில் என் அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு டேப்லெட் கிடக்கிறது. படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ஆப் அதில் இருக்கிறது. அக்கா பையனுக்குப் பெருமூளை வாதம், மூளை பாதிப்பால் உடம்பு அசைவு அவன் கட்டுக்குள் வராது. நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும், வாயில் வார்த்தைதான் வராது. 38,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கிய அன்று வீடே கூடி நின்றது. கை ஆட ஆட ‘நான்’ என்ற படத்தைத் தொட்டான், அப்புறம் ‘வேண்டும்’. டேப்லெட் கணீரென்று “நான் வேண்டும்” என்றது. ஆயா சிரித்துவிட்டு, “நீதான்டா எங்களுக்கு வேணும்” என்று கன்னத்தைக் கிள்ளினாள். பையன் கேட்டது தண்ணீர்.

பேச்சு வராதவர்களுக்கான கருவி என்றாலே எல்லாரும் கேட்பது, எது பெஸ்ட்? செருப்புக் கடையில் இப்படிக் கேட்டால் கடைக்காரர் முதலில் நம் காலைப் பார்ப்பார். இங்கேயும் அதேதான். உடம்பில் எந்த இடம் நினைத்தபோது அசைகிறது, கண் எவ்வளவு தெரிகிறது, படம் புரியுமா எழுத்து தெரியுமா, யாரோடு எங்கே என்ன பேச வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் தலைகீழாக நடந்தது. ஆப்பைப் பரிந்துரைத்தவர் பையனைப் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

பிறகு பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு சிறப்பாசிரியர் வந்தார். டேப்லெட்டை அவர் தொடவே இல்லை. என்னைக் காட்டி, “இவங்க உங்க ஆயாவா?” என்று பையனிடம் கேட்டார். அவன் தலையை இடது பக்கம் திருப்பினான். அக்காவைக் காட்டி, “இவங்க அம்மாவா?” என்றதும் கண் மேலே போனது. இப்படி விடை நமக்கே தெரிந்த கேள்விகளாகப் பத்துப் பன்னிரண்டு. தெரியாததைக் கேட்டால் அவன் சொன்னது சரியா தப்பா என்று நமக்கு எப்படித் தெரியும்? மேல் பார்வை ஆமாம், இடது திருப்பம் இல்லை என்று அரை மணி நேரத்தில் உறுதியானது. ஒன்பது வருஷமாக அவன் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், நாங்கள்தான் கழுத்து வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது கை. டேப்லெட்டில் 40 கட்டம், ஒவ்வொன்றும் சிறுசு. விரல் போகிற வழியில் மூன்று கட்டத்தை உரசிவிட்டுப் போகும், திரைக்கு உரசலும் தொடுதலும் ஒன்றுதான், மூன்றும் கத்தும். திண்ணையில் உட்கார்ந்தால் வெயிலில் படமே தெரியாது. உரசலுக்கு எளிய வைத்தியம் உண்டு. கட்டத்துக்கு ஒரு ஓட்டை வெட்டிய அக்ரிலிக் தகட்டை மேலே வைத்துவிட்டால், கையைத் தகட்டின் மேல் ஊன்றிக்கொண்டு விரலை ஓட்டைக்குள் விடலாம். பெயர்ப்பலகை செய்கிற கடையில் கிருஷ்ணகிரியிலேயே வெட்டித் தருவார்கள்.

கையே வராதவர்களுக்கு வேறு வழி. கருவியின் திரையில் வெளிச்சம் கட்டம் கட்டமாக நகரும், வேண்டிய இடம் வந்ததும் ஒரு சுவிட்சை அழுத்த வேண்டும். 24 கட்டம், ஒவ்வொன்றிலும் 2 விநாடி என்றால் கடைசிக் கட்டத்துக்கு 48 விநாடி காத்திருக்க வேண்டும். அதையே 4 வரிசை, 6 பத்தியாக அடுக்கி, முதலில் வரிசை, அப்புறம் அதற்குள் கட்டம் என்று நகர்த்தினால் அதிகபட்சம் 10 நகர்வு, 20 விநாடி. சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதை உடம்புதான் சொல்லும்: முழங்கை, முட்டி, தலை, எதுவானாலும் சரி. பேச்சை இழந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் முதலில் கையால்தான் அழுத்தினார். கை ஓய்ந்தபின் கன்னத்துத் தசையின் அசைவை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி பிடித்தது. உடம்பு மாற மாற அவருடைய சுவிட்சும் மாறியது, குரலை மட்டும் அவர் மாற்றவில்லை.

கண் மட்டுமே அசைகிறவர்களுக்கு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின் மூலைகளில் படம் ஒட்டி, எதிரே உட்கார்ந்து அவர்கள் பார்வை போகும் மூலையைப் படிக்கலாம். மின்சாரம் வேண்டாம்.

எனக்கு ரொம்ப சுவாரசியமாகப் பட்டது சொற்கள் விஷயம். அன்றாட ஆங்கிலப் பேச்சை எண்ணிப் பார்த்தவர்கள், அதில் சுமார் 80 சதவீதம் சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டார்கள். அதனால்தான் தொட்டுப் பேசும் ஆங்கிலப் பலகைகளில் ‘இல்லை’, ‘இன்னும்’, ‘போ’, ‘உள்ளே’ மாதிரியான சொற்கள் முதலிடம் பிடிக்கின்றன. அந்தப் பலகையை அப்படியே தமிழாக்கினால் மாட்டிக்கொள்வோம். அவர்கள் தனிச் சொல்லாக வைத்திருப்பதில் பல நமக்கு விகுதியாகவோ வேற்றுமை உருபாகவோ ஒட்டிக்கொண்டு வரும்: கடைக்கு, பையில், வரல. ஆங்கிலத்தில் ‘நான்’ படமும் ‘வேண்டும்’ படமும் சேர்ந்தால் வாக்கியம், தமிழில் ‘எனக்கு’ என்று ஆகாவிட்டால் ஆயா கன்னத்தைக் கிள்ளத்தான் செய்வாள். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, படத்தைத் தொட்டுப் பேசும் ‘ஆவாஸ்’ ஆப்பை உருவாக்கிய அஜித் நாராயணன், இலக்கணத்தைப் படங்களுக்குள் கொண்டுவருவது எப்படி என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்.

எங்கள் ஆப்பில் பர்கர் இருந்தது, களி இல்லை. அபூர்வமான சொல் கிடையாது அது, அவன் தினமும் மத்தியானம் சாப்பிடுகிற சாப்பாடு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேசுகிறார்கள், பள்ளியில் தமிழ். அந்தப் பிள்ளைக்குப் பலகை எந்த மொழியில் இருக்க வேண்டும்? இரண்டிலும்தான்.

எழுத்து தெரிந்தவர்களுக்குத் தமிழ் ஒரு சலுகை தருகிறது. 247 எழுத்தையும் பலகையில் போட வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், 30 கட்டம் போதும். ‘க்’ காட்டி ‘ஆ’ காட்டினால் ‘கா’. ஆய்த எழுத்தையும் சேர்த்தால் 31. கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய உதவும் தமிழ்99 விசைப்பலகையும் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கிறது.

கடைசியில் எங்கள் பையனுக்குப் பொருந்தியது சக்கர நாற்காலித் தட்டில் ஒட்டிய லேமினேஷன் அட்டை. 20 கட்டம், பெரிது பெரிதாக. ‘எனக்கு’ என்றே எழுதிய கட்டம், ‘-ணும்’, ‘இல்ல’, அப்புறம் டீச்சர் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன ‘இதில் இல்லாத வேற ஒண்ணு’. இந்தக் கட்டம் இல்லாத பலகையில் நாம் யோசித்து வைத்ததை மட்டும்தான் அவர்கள் பேச முடியும்.

அட்டையை ஒட்டிவிட்டு அவன் பேசுவான் என்று காத்திருப்பது வேலைக்காகாது. வாய் திறப்பதற்கு முன் ஒரு குழந்தை நம் பேச்சை ஒரு வருஷம் காதில் வாங்குகிறதே, அதே மாதிரி நாமும் பேசும்போது அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். ஆயாவுக்கு ஒரு பயம், இதற்குப் பழகிவிட்டால் வர வேண்டிய பேச்சும் வராமல் போய்விடுமோ என்று. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான ஆதாரம் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. ஆயா இந்தக் கணக்கையெல்லாம் நம்பவில்லை. ஆனால் அட்டையைத் தொட்டுப் பேச வீட்டில் முதலில் கற்றுக்கொண்டது அவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது ஆயா கேசரியோடு வந்து, ‘சாப்பிடு’ கட்டத்தைத் தொட்டு, “சாப்டியா?” என்றாள். அவன் கை நடுங்கிக்கொண்டே நகர்ந்து ‘சாப்பிடு’, அப்புறம் ‘இல்ல’. அக்கா அடுக்களையிலிருந்து, “பொய் சொல்றான்மா, இப்பதான் ரெண்டு தோசை சாப்பிட்டான்” என்று கத்துவதற்குள் கேசரி தட்டுக்கு வந்துவிட்டது.