ஓய்வுக்காலக் கணக்கில் எந்த ஃபண்டில் எவ்வளவு?

டாலஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தான். அலுவலகத்தின் 401கே கணக்கில், அதாவது சம்பளத்திலிருந்து பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் அமெரிக்கத் திட்டத்தில், அன்று இரவுக்குள் ஃபண்டுகளைத் தேர்வு செய்தாக வேண்டும். பலரின் பணத்தைத் திரட்டிப் பல இடங்களில் முதலீடு செய்வதுதான் ஃபண்ட். திரையில் பதினெட்டுப் பெயர்கள். "மாமா, ஐந்து எடுத்து ஒவ்வொன்றுக்கும் இருபது சதவீதம் போட்டுவிட்டேன். பிரித்துப் போட்டால் பாதுகாப்புதானே?" என்றான்.

ஐந்தின் பெயரையும் படிக்கச் சொன்னேன். எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று; அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது அது. 'வளர்ச்சி' என்ற பெயரில் ஒன்று. 'புளூ சிப்', அதாவது பெரிய, நிலைபெற்ற நிறுவனங்கள் என்று ஒன்று. சிறு நிறுவனங்களுக்கான ஃபண்ட் ஒன்று. கடைசியாக ஒரு வெளிநாட்டு ஃபண்ட். முதல் மூன்றையும் திறந்து, அவை அதிகமாக வைத்திருக்கும் பத்துப் பங்குகளின் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். மூன்றிலும் ஆப்பிள், மூன்றிலும் மைக்ரோசாஃப்ட், மூன்றிலும் என்விடியா. அவன் பிரித்ததாக நினைத்த பணத்தில் அறுபது சதவீதம் ஏறத்தாழ ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று வாசல் வழியாகப் போனதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவன் செய்தது அபூர்வமான தவறு இல்லை. ஷ்லோமோ பெனார்ட்ஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2001-இல் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார்கள். தேலர் பின்னர் 2017-இல் நோபல் பரிசு பெற்றவர். டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ் விமானிகளின் திட்டத்தில் பங்கு ஃபண்டுகள் ஐந்தும், நிலையான வருமானம் தருவது ஒன்றும் இருந்தன. விமானிகளின் பணத்தில் 75 சதவீதம் பங்குகளில் இருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் திட்டத்தில் பங்கு ஃபண்ட் ஒன்றே ஒன்று, கடன் பத்திர வகை, அதாவது கடன் கொடுத்து வட்டி பெறும் வகை, நான்கு. அங்கே பங்குகளில் இருந்தது 34 சதவீதம். எதிரே எத்தனை பாத்திரம் வைக்கிறார்களோ அத்தனையிலும் சமமாக ஊற்றுவது நம் இயல்பு. பட்டியலை யாரோ ஒருவர் எப்படி அமைத்தாரோ, அதுவே நம் ஓய்வுக்காலத்தைத் தீர்மானித்துவிடுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இது பெரிய கவலை.

சமமாகப் பிரிப்பது சரியில்லை என்றால் எந்த விகிதத்தில் பிரிப்பது? சந்தையே ஒரு விகிதத்தை வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பங்கு விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அதன் சந்தை மதிப்பு கிடைக்கும். அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களின் மதிப்பையும் கூட்டினால், அதில் எண்பது சதவீதத்துக்கும் மேல் எஸ் அண்ட் பி 500-இல் உள்ள பெரிய நிறுவனங்களுடையது. மிச்சம்தான் ஆயிரக்கணக்கான நடுத்தர, சிறு நிறுவனங்கள். ஆகவே 500 ஃபண்டில் 85 சதவீதமும், நடுத்தர அல்லது சிறு நிறுவன இண்டெக்ஸ் ஃபண்டில் 15 சதவீதமும் போட்டால் மொத்த அமெரிக்கச் சந்தையையே ஏறத்தாழ வாங்கியதாகிவிடும். இந்தக் கலவைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு நிறுவனம் வளர்ந்தால் ஃபண்டுக்குள் அதன் எடையும் தானாகவே கூடும். சிறியதிலிருந்து பெரியதாக அது மாறும்போதும் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஃபண்டில் அது உங்களிடம் இருக்கும். அடுத்த பெரிய நிறுவனம் எது என்று ஊகிக்க வேண்டிய வேலை இல்லை.

வெளிநாட்டுப் பங்குகள் வேண்டாம் என்பவர்கள் நிறைய. அமெரிக்கா கடந்த பல ஆண்டுகளாக முன்னால் ஓடுவதைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டுகளில், ஈவுத்தொகையைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் எஸ் அண்ட் பி 500 நஷ்டத்தில்தான் முடிந்தது. ஜப்பானின் நிக்கேய் பங்குச் சந்தைக் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஒரு மனிதரின் முழு உழைப்புக் காலம் அது. 1989-இல் ஜப்பானியர்களும் தங்கள் நாடுதான் முன்னால் ஓடுகிறது என்று உறுதியாக நம்பினார்கள். பங்குப் பணத்தில் நான்கில் ஒரு பங்கையாவது வெளிநாட்டில் வைக்கலாம் என்பது என் கருத்து.

கலப்பது ஏன் பலன் தருகிறது என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றில் பார்க்கலாம். அ, ஆ என்று இரண்டு ஃபண்டுகள். முதல் ஆண்டு அ 20 சதவீதம் ஏறுகிறது, ஆ 10 சதவீதம் இறங்குகிறது. இரண்டாம் ஆண்டு அப்படியே தலைகீழ். 100 டாலரை ஏதாவது ஒன்றில் மட்டும் போட்டிருந்தால் இரண்டு ஆண்டு முடிவில் 108 டாலர். இரண்டிலும் ஐம்பது ஐம்பதாகப் போட்டுச் சும்மா விட்டிருந்தாலும் அதே 108 தான். ஆனால் முதல் ஆண்டு முடிவில் 60-ம் 45-மாக இருப்பதை மறுபடி சமப்படுத்தி, ஒவ்வொன்றிலும் 52.50 வைத்தால்? இரண்டாம் ஆண்டு முடிவில் 110.25. இந்த 2.25 டாலர், ஏறியதைக் கொஞ்சம் விற்று இறங்கியதைக் கொஞ்சம் வாங்கியதால் வந்தது. இதைத்தான் ரீபேலன்ஸ் என்கிறார்கள். 401கே கணக்கின் உள்ளே இப்படி மாற்றும்போது வரி எதுவும் கிடையாது என்பது பெரிய வசதி.

உண்மையான சந்தையில் இரண்டு பங்கு ஃபண்டுகள் இவ்வளவு ஒழுங்காக எதிரெதிரே ஆடுவதில்லை. 2008-இல் எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 37 சதவீதம் விழுந்தது. வளர்ந்த நாடுகளின் வெளிநாட்டுப் பங்குகள் அதைவிட மோசமாக, 43 சதவீதம் விழுந்தன. அந்த ஆண்டு தாங்கிப் பிடித்தவை நல்ல தரமான கடன் பத்திரங்கள். அவை 5 சதவீதம் ஏறின. 2022-இல் அவையும் சேர்ந்து விழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் பங்குகள் அளவுக்கு விழவில்லை. கலவைக் கணிதத்தை 1952-இல் எழுதி, அதற்காக 1990-இல் நோபல் பரிசு பெற்ற ஹாரி மார்க்கோவிட்ஸ், தன் சொந்த ஓய்வுக்காலப் பணத்தைப் பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சந்தை ஏறும்போது அதில் இல்லாமல் போனால் வரும் வருத்தத்தையும், விழும்போது முழுக்க அதிலேயே இருந்தால் வரும் வருத்தத்தையும் நினைத்துப் பார்த்து எடுத்த முடிவு அது. எனக்கு இதில் அவர் மீது மதிப்பு கூடியது. நடுவழியில் பயந்து விற்றுவிடுபவருக்கு எந்தக் கலவையும் உதவாது.

கடன் பத்திரம் எவ்வளவு என்பதை வயது பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 26 வயதில் கணக்கில் 8,000 டாலர் இருக்கிறது; சந்தை 40 சதவீதம் விழுந்தால் போவது 3,200. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுச் சம்பளம் இன்னும் வரவில்லை. அதிலிருந்து போகும் பணமெல்லாம் மலிவு விலையில் வாங்கும். 60 வயதில் 8 லட்சம் டாலர் இருந்தால் அதே சரிவில் போவது 3,20,000. ஈடுகட்டச் சம்பளமும் மிச்சமில்லை. ஓய்வு பெறும் ஆண்டைப் பெயரிலேயே கொண்ட டார்கெட் டேட் ஃபண்டுகள் இந்த மாற்றத்தைத் தாமாகவே செய்கின்றன. எதையும் பார்க்க நேரமில்லாதவர் கட்டணம் குறைந்த அப்படியொரு ஃபண்டில் முழுவதையும் போடலாம். அதன் கூடவே வேறு நான்கு ஃபண்டுகளையும் சேர்ப்பதில் பொருளில்லை. அதுவே ஒரு முழுக் கலவை.

கட்டணத்தைச் சொல்லாமல் விட முடியாது. அக்கா மகனின் பட்டியலில் எஸ் அண்ட் பி ஃபண்டின் ஆண்டுச் செலவு விகிதம் 0.02 சதவீதம், புளூ சிப் ஃபண்டுக்கு 0.82. சின்ன எண்களாகத்தான் தெரிகின்றன. ஒரு லட்சம் டாலர் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்கிறது என்று வையுங்கள். 0.05 சதவீதக் கட்டணத்தில் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 7,50,000 ஆகும். 1 சதவீதக் கட்டணத்தில் 5,74,000. வித்தியாசம் 1,76,000 டாலர். பட்டியலில் சிறு நிறுவன ஃபண்டுக்குக் கட்டணம் அதிகமாக இருந்தால், அதை விட்டுவிட்டு 500 ஃபண்டை மட்டும் வைத்துக்கொண்டாலும் பெரிய குறை இல்லை.

சொந்த நிறுவனத்தின் பங்கைப் பட்டியலில் கண்டால் தயவுசெய்து தள்ளியே நில்லுங்கள். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் ஊழியர்களுடைய 401கே பணத்தில் பாதிக்கு மேல் என்ரான் பங்கிலேயே இருந்தது. 2001 தொடக்கத்தில் 80 டாலருக்கு மேல் விற்ற பங்கு, டிசம்பரில் நிறுவனம் திவாலானபோது ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. வேலையும் சேமிப்பும் சேர்ந்தே போன குடும்பங்கள் அவை.

அன்று இரவு அவன் முடிவாக நிரப்பியது நான்கு கட்டங்கள்: எஸ் அண்ட் பி 500-க்கு 56, சிறு நிறுவன இண்டெக்ஸுக்கு 10, வெளிநாட்டு இண்டெக்ஸுக்கு 24, கடன் பத்திரத்துக்கு 10. நிறுவனம் தன் பங்காகத் தரும் தொகை முழுவதும் கிடைக்கும் அளவுக்குச் சம்பளப் பிடித்தத்தையும் உயர்த்தினான். சேமித்துவிட்டு, "மாமா, கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பணம் இன்னும் பழைய ஃபண்டுகளில்தானே நிற்கிறது?" என்றான். சேரும்போது நிறுவனம் முதலில் போட்ட சிறு தொகை அது. கவனித்துவிட்டானே என்று மகிழ்ந்தேன். இனி வரும் பணம் எங்கே போக வேண்டும் என்பது ஒரு பக்கம், இருக்கும் பணத்தை மாற்றுவது வேறொரு பக்கம். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது பக்கத்தையும் தேடி எடுத்து அதே எண்களைப் போட்டான்.

"அடுத்து எப்போது பார்க்கட்டும்?"

"பொங்கல் வாரத்தில் ஒருமுறை. ஏதாவது ஒரு எண் ஐந்து புள்ளிக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் சரிசெய்" என்றேன். நாட்காட்டியில் குறித்துக்கொண்டான்.