பத்து மணிக்குப் பிறகு

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை. என் சட்ட அலுவலகத்தைத் திறக்க வந்தபோது வாசற்படியில் ஒருவர் குடையை மடியில் வைத்தபடி இருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். திருகோணமலையில் என் வயதுக்காரர் பலர் அவரிடம் அடி வாங்கித்தான் வாய்ப்பாடு பாடமாக்கினோம். கையில் ஒரு எண்பது பக்கக் கொப்பி. பக்கத்துக் கோயில் திருவிழா நடந்த பத்து நாளும் ஒலிபெருக்கி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு ஓய்ந்தது என்று கோடு கீறி, அட்டவணை போட்டு எழுதியிருந்தார்.

“பிள்ளை, இவங்களுக்கு எதிரா ஒரு அடிப்படை உரிமை வழக்குப் போடவேணும். என்ட வீட்டில நான் நிம்மதியா இருக்கிறதுக்கு எனக்குச் சுதந்திரம் இல்லையா?”

மனைவி பாரிசவாதத்தில் படுக்கையில் கிடக்கிறார். பேத்திக்கு ஏ.எல். சோதனை நெருங்குகிறது. கோபத்தில் நியாயம் இருந்தது.

அன்று பின்னேரமே கோயில் நிர்வாக சபையிலிருந்து தொலைபேசி வந்தது. “எங்கட கோயில்ல எங்கட சாமிக்குப் பாட்டுப் போட எங்களுக்குச் சுதந்திரம் இல்லையா, மிஸ்? சேர் பொலிசில எழுதிக் குடுத்திருக்கிறாராம்.”

சட்டத்தரணியாக இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். சுதந்திரம் என்ற சொல்லோடு என் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அயலவருடைய சுதந்திரத்தை வெட்டிக் குறைத்துத் தரச் சொல்லித்தான் வருகிறார்கள். கூச்சல், வேலி, ஒழுங்கை, நாய், மரக்கிளை. அதே ஆட்கள் அரசாங்கம் தங்கள் கையைக் கட்டும்போது அநேகமாக வருவதில்லை. வந்தாலும் பிந்தித்தான் வருகிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். (ஆட்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆசிரியரிடம் அனுமதியும் கேட்டேன். “பிழையில்லாம எழுது” என்றார்.)

முதலில் சேருக்கு, அந்த ஆசிரியருக்கு, சொன்னதைச் சொல்கிறேன். கோயிலுக்கு எதிராக அடிப்படை உரிமை வழக்குப் போட முடியாது. இலங்கை அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின்படி அந்த வழக்கு அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். பொலிஸ், பிரதேச செயலகம், அரச பாடசாலை, இராணுவம் இவர்களை இழுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரை இழுக்க முடியாது. அவருக்கு வேறு வழிகள் உண்டு: மத்தியஸ்த சபை, பொலிஸ் முறைப்பாடு, பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றம். ஆனால் முறைப்பாடு கொடுத்தும் பொலிஸார் கையைக் கட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சும்மா இருத்தலுக்கு எதிராக வழக்குப் போடலாம். சேருக்கு இது பிடிக்கவில்லை. “அப்ப அரசியலமைப்பு ஆருக்கு?” என்று கேட்டார். நல்ல கேள்விதான்.

1978 அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம். 11ஆம் உறுப்புரை சித்திரவதைக்கும் கொடூரமான நடத்தைக்கும் எதிரான பாதுகாப்பு. பிறகு 14இல் பேச்சு, அமைதியாகக் கூடுதல், சங்கம் சேர்தல், தொழில், நடமாட்டம், தான் விரும்பிய இடத்தில் குடியிருத்தல். அப்புறம் 15 வருகிறது, கட்டுப்பாடுகளின் பட்டியலோடு. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், இன மத ஒற்றுமை, மற்றவர்களின் உரிமைகள் என்று நீளும். ஆனால் 10ஐயும் 11ஐயும் அந்தப் பட்டியல் தொடுவதில்லை. உங்கள் மனதுக்குள் நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்பதற்கு எந்த அரசாங்கமும் வேலி போட முடியாது. எந்தக் காரணம் காட்டியும் உங்களை அடித்து வதைக்க முடியாது. நம்பிக்கையை வெளியே காட்டும் வழிபாடு 14இல் இருக்கிறது. அதற்கு வேலி உண்டு. சாமியை நம்புவதற்கு எல்லை இல்லை, சவுண்ட் பொக்ஸுக்கு இருக்கிறது.

அந்த எல்லையையும் நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2007இலேயே கீறிவிட்டது. வழக்கு வந்தது தெற்கிலிருந்து, வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றிலிருந்து. ஒலிபெருக்கி அனுமதி சரியாகக் கிடைக்கவில்லை என்று போனவர்கள் பள்ளிவாசல்காரர்கள்தான். கடைசியில் கிடைத்தது முழு நாட்டுக்கும், கோயில், விகாரை, தேவாலயம், அரசியல் கூட்டம் எல்லாவற்றுக்குமான உத்தரவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸார் அனுமதி கொடுக்கக் கூடாது. பகலிலும் தொடர்ச்சியாகப் போட அனுமதிக்கக் கூடாது. ஒலி அந்த வளவைத் தாண்டாமல் இருக்க நிபந்தனை வேண்டும். விசேஷ நிகழ்வுக்கு நேரம் நீட்டுவதானால் அயலவர்களின் கருத்தைக் கேட்கவேண்டும். கேட்க விரும்பாத ஒருவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பதுதான் இதன் சாரம். இந்தத் தீர்ப்பைப் பற்றித் திருகோணமலையில் நான் சொன்னபோது, ஒவ்வொரு சமயத்தவரும் மற்றச் சமயத்துக்காரருக்குத்தான் இது பொருந்தும் என்று தலையாட்டினார்கள்.

இந்த ஊரில் எல்லையே இல்லாத சுதந்திரம் அனுபவிப்பது கோட்டை மான்கள் மட்டும்தான். பிரெட்ரிக் கோட்டையிலிருந்து இறங்கி வந்து யாருடைய பூக்கன்றையும் தின்னும், நடு றோட்டில் படுக்கும், ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்காமல் காத்திருப்பார். அவையும் பொலித்தீனைத் தின்று சாகின்றன என்பது வேறு கதை.

சரி, எல்லை நியாயமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்னிடம் வருகிறவர்களுக்கு மூன்று கேள்வி சொல்லிக் கொடுப்பேன். இந்தக் கட்டுப்பாடு எழுதிய சட்டத்தில் இருக்கிறதா, யாரோ ஒரு அதிகாரியின் வாயில் மட்டும் இருக்கிறதா? அதற்குக் காட்டும் காரணம் அரசியலமைப்பு ஏற்கும் காரணமா? அந்தக் காரணத்துக்கு இவ்வளவு தூரம் போகவேண்டுமா? முதல் இரண்டையும் அதிகாரிகள் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். மூன்றாவதில்தான் பிடிக்கவேண்டும்.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது: கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரிக்கத்தான் வேண்டும். சட்டம் இருந்தது. பொதுச் சுகாதாரம் என்ற காரணமும் இருந்தது. ஆனால் அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. அப்படியிருக்க, கிண்ணியாவிலும் மூதூரிலும் எனக்குத் தெரிந்த முஸ்லிம் குடும்பங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் வைரஸைவிட அந்த வர்த்தமானிக்குத்தான் பயந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், “சாகிறது அல்லாஹ்ட நாட்டம், மிஸ். நெருப்புல போறத என்னால நெனக்க ஏலாம இருக்கு” என்றார். வழக்குகள் போடப்பட்டன. உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் அவற்றை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரி முடிவில்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. எரித்த உடலுக்கு மன்னிப்பு என்ன செய்யும்? என் பார்வையில் மூன்றாவது கேள்வியை யாரும் அழுத்திக் கேட்காததன் விலை அது. நாங்கள், தமிழர்களும்தான், அந்த நேரம் ‘அது அவங்கட பிரச்சினை’ என்று இருந்துவிட்டோம்.

2018இல் இந்த நகரத்தில் ஒரு இந்துப் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா (உடலை மூடும் நீள அங்கி) அணிந்து வரலாமா என்று எழுந்த சண்டையிலும் இதையே பார்த்தேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு கட்சி. ‘எங்கள் பாடசாலையின் வழமை’ என்பது உணர்வுபூர்வமான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 15ஆம் உறுப்புரையின் பட்டியலில் அந்தச் சொல்லை நான் தேடியும் காணவில்லை. இதைச் சொன்னதற்காக உறவினர் ஒருவர் ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

இனி இளைஞர்களுக்கு. ஒரு தாய் விடியப்புறம் ஐந்தரைக்கு வீட்டுக் கேற்றைத் தட்டினார். மகனுக்குப் பத்தொன்பது வயது, பொலிஸ் பிடித்துவிட்டது. இன்னொரு சமூகத்தைப் பற்றிய கேவலமான பதிவொன்று, அவர்களின் கடைகளை என்ன செய்யவேண்டும் என்ற வரியோடு. “அவன் எழுதேல்ல மிஸ், ஷெயார்தான் பண்ணினவன்.” பகிர்வதும் பரப்புவதுதான் என்பதை அந்தத் தாய்க்கு அப்போது எப்படிச் சொல்வது? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டம் என்று பொலிஸார் சொல்வது, அதன் 3ஆம் பிரிவு பாகுபாட்டையும் வன்முறையையும் தூண்டும் இன மத வெறுப்பைக் குற்றமாக்குகிறது. பத்து வருடம் வரை சிறை. பிணை மேல் நீதிமன்றத்தில்தான், அதுவும் விசேட காரணம் காட்டினால்தான். நீதவானிடம் போய் அடுத்த நாளே எடுத்துக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள்.

அந்தச் சட்டம் தேவை என்றே நினைக்கிறேன். இன வெறுப்புப் பேச்சு கடைசியில் யாருடைய கூரையில் தீயாக விழும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அதே சட்டத்தில் 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். மன்னார்ப் பக்கத்து இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020இல் தமிழ்க் கவிதைகளுக்காகப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடிபட்டு, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார், 2023இல் விடுதலையானார். கடையை எரி என்பதும் கதை எழுதுவதும் ஒரே கூண்டில் நிற்கும்போது சட்டத்தின் எல்லை எங்கேயோ பிசகியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

குடும்பத்துக்குள் வரும் எல்லைகளைப் பற்றிக் கொஞ்சம். உப்புவெளிப் பக்கம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. தகப்பன் அவளுடைய ஐ.சி.யை, அடையாள அட்டையை, எடுத்து அலுமாரியில் பூட்டிவிட்டார். “அப்பாவுக்கு எதிரா ஒண்டும் வேண்டாம் மிஸ், ஐ.சி. மட்டும் வேணும்.” பதினெட்டு வயது நிரம்பியவர் சட்டப்படி முழு ஆள், அவ்வளவுதான் சட்டத்தில் இருக்கிறது. அலுமாரியைத் திறந்தது அவளுடைய பெரியம்மா. சட்டம் நுழையாத இடங்களில் பெரியம்மாக்கள் இருப்பது நம் அதிர்ஷ்டம். இல்லாத வீடுகளும் இருக்கின்றன.

இனி நான் சொல்ல வந்த இடம்: அரசாங்கம் நம் கையைக் கட்டுவது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், அதன் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள், பெயரை மாற்றவில்லை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே பதினெட்டு மாதம் ஒருவரைத் தடுத்துவைக்க அது இடம் கொடுத்தது. 2022இல் திருத்தி அதைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள். மூதூர்ப் பக்கத்துச் சம்பூர் மக்கள் 2006இல் போரால் ஊரை விட்டு ஓடினார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வருடக்கணக்காக இருந்துவிட்டு 2015இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமை 14இல் இருக்கிறது என்று அங்கே ஒரு கூட்டத்தில் சொன்னேன். ஒரு அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒலிபெருக்கிக்காகக் கொப்பியில் அட்டவணை போட்ட சேரையும் ஒருமுறை சோதனைச் சாவடியில் காரணம் சொல்லாமல் நான்கு மணிநேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. “அது அவங்கட வேலை, பிள்ளை” என்று விட்டுவிட்டார். நான் சொல்லிக் கொடுக்கும் மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட அங்கே அவர் கேட்கவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எழுதலாம்.

எழுதுவதற்குக் காலக்கெடு இருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், அதுவும் கொழும்புக்கு. என்னிடம் மூன்றாம் மாதம் வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது; 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். யாரையாவது கைது செய்தால் காரணம் சொல்லவேண்டும், சாதாரண சட்டத்தின் கீழ் என்றால் 24 மணிநேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோகவேண்டும். கைது செய்த நேரத்தையும் பொலிஸ் நிலையத்தின் பெயரையும் ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு அநேகமாக அந்தத் துண்டில்தான் தங்கி நிற்கும்.

சேருடைய விஷயம் நீதிமன்றம் வரை போகவில்லை. இரண்டு பகுதியையும் என் அலுவலகத்தில் இருத்திக் கதைத்தோம். சேர் கொப்பியைத் திறந்தார். நிர்வாக சபைத் தலைவரும் அவரிடம் கணக்குப் படித்தவர், வாயைத் திறக்கவில்லை. சேரின் வீட்டைப் பார்த்திருந்த இரண்டு ஹோர்னைக் கழற்றிக் கடல் பக்கம் திருப்பினார்கள். இரவு ஒன்பதரைக்கு நிறுத்துவதாக எழுதிக் கையெழுத்தும் வைத்தார்கள்.

போன மாதம் சேர் திரும்பவும் வந்தார், இந்த முறை குடையோடு ஒரு பை மாம்பழமும். சின்னப் பேத்திக்குச் சாமத்தியச் சடங்கு. வீட்டிலேயே பந்தல் போட்டு, இசைக்குழுவும் பிடித்தாயிற்று. பொலிஸ் அனுமதிக் கடிதம் எழுதித் தரவேண்டுமாம்.

“பத்து மணி வரைக்கும்தான் சேர் போடலாம்.”

“பதினொண்டரை ஆக்க ஏலாதா, பிள்ளை? ஒரு நாள்தானே.”

“அதுக்கு அயலாக்களைக் கேக்கவேணும் சேர்.”

சேர் கொஞ்ச நேரம் மாம்பழப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு அடுத்த வளவு நிர்வாக சபைத் தலைவருடையது.