நிகோட்டின் பிறப்பது இலையில் இல்லை, வேரில்

பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு ஒட்டுக் கத்தரி நிற்கிறது. வேர் சுண்டைக்காயுடையது, மேலே காய்ப்பது கத்தரி, ஒட்டிய இடத்தில் தண்டு முண்டு கட்டியிருப்பது விரலால் தடவினாலே தெரியும். 1940களில் ரே டாசன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதே ஒட்டு வேலையைப் புகையிலையிலும் தக்காளியிலும் செய்து பார்த்தார் (எல்லாம் கத்தரிக் குடும்பம்தான், அதனால் ஒட்டிக்கொள்ளும்). புகையிலை வேரில் ஒட்டிய தக்காளியின் இலையில் நிகோட்டின் சேர்ந்தது, தக்காளி வேரில் ஒட்டிய புகையிலையிலோ பேருக்குக் கொஞ்சம்தான். அதாவது நிகோட்டினைத் தயாரிப்பது வேர், இலை அதன் கிடங்கு.

நிகோட்டினில் இரண்டு வளையங்கள். ஒன்று, நாம் வைட்டமின் பி3 என்று மாத்திரையில் விழுங்கும் நிகோட்டினிக் அமிலத்திலிருந்து வருகிறது. இன்னொன்று புட்ரெசினிலிருந்து, அழுகும் இறைச்சியின் நாற்றத்தில் இருக்கிறதே, அதேதான். வேரில் இரண்டும் இணைந்து, தண்ணீர் ஏறும் குழாய் வழியே இலைக்குப் போய்ச் செல்லின் நீர்ப்பைக்குள் அடைபடுகிறது. பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு அது. புழு இலையைக் கடித்தால் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் கிளம்பி, வேரின் உற்பத்தியைக் கூட்டிவிடும். விவசாயி பூமொட்டோடு நுனியைக் கிள்ளினாலும் அப்படியே, இலையில் காரம் ஏறும்.

சரி, சேர்த்தது அப்படியே இருக்குமா என்றால், இருக்காது. இலை பழுத்து மஞ்சளாகும்போதும் பறித்து உலர்த்தும்போதும் ஒரு நொதி நிகோட்டினிலிருந்து மெத்தில் குழு என்ற சிறு அணுக்கூட்டத்தைக் கழற்றி, அதை நார்நிகோட்டினாக மாற்றுகிறது. பல செடிகளில் இது சில சதவீதத்தோடு நின்றுவிடும், சில செடிகளில் அந்த நொதியை உண்டாக்கும் மரபணு விழித்துக்கொண்டு பெரும்பகுதியை மாற்றிவிடும். ஆபத்து இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பதப்படுத்தும்போது நுண்ணுயிர்கள் இலையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்க, அது நார்நிகோட்டினோடு சேர்ந்து என்என்என் என்ற நைட்ரோசமைன் உண்டாகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வைத்திருக்கிறது. அந்த மரபணுவை முடக்கிய ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள், அவற்றில் என்என்என் நன்றாகக் குறைகிறது. ஆனால் நிகோட்டின் குறைவதில்லை, எனவே அடிமைத்தனமும் போவதில்லை.

என் ஆயாவின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கறுத்துப் பிசுபிசுத்த புகையிலைத் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். பையைத் திறந்தால் அந்த நெடி கூடத்துக்கே வரும். புகை இல்லை, மெல்லத்தானே செய்கிறார், ஒன்றும் ஆகாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த என்என்என் உண்டாகப் புகையே வேண்டாம், இலை பதமாகும்போதே உண்டாகிவிடுகிறது என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.